மேல் டிஸ்க்கும் கீழ் டிஸ்க்கும்

"மெஷின் செத்துப்போச்சு அண்ணி" என்று நாத்தனார் போனில் சொன்னபோது அண்ணி பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வாயில் நுரையோடு "எந்த மெஷின்?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காகத் தன்னையே நொந்துகொண்டாள். அந்த வானாய்வகத்தில் படங்களைச் சேமிக்கும் யூனிக்ஸ் இயந்திரம் இருப்பதே ஒன்றுதான். ஏதோ ஒரு வங்கி வேண்டாமென்று கழித்துவிட்டதை இவர்கள் கும்பிட்டு வாங்கிக்கொண்டது. அதைக் கட்டி மேய்ப்பதுதான் அண்ணியின் வேலை.

அவளை அங்கே எல்லோருமே அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். முறைப்படி அந்த உரிமை நாத்தனார் ஒருத்திக்குத்தான் உண்டு. ஆனால் அவள் நாள் முழுக்க நடைவழியில் "அண்ணி, அண்ணி" என்று ஏலம் போட்டதில் ஊரார் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது. தலை நரைத்த இயக்குநர்கூட "அண்ணி இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டு வருவார். நாத்தனாருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. எந்நேரமும் அண்ணாந்து பார்த்தே கழுத்தைப் பிடித்துக்கொள்பவளை வேறென்ன சொல்வார்கள்? சுளுக்கு.

இந்தச் சுளுக்கு எதற்கும் அசராதவள். அப்படிப்பட்டவள் போனில் மூக்கை உறிஞ்சுகிறாள் என்றால் விஷயம் பெரியதுதான்.

முந்தின நாள் பொழுது சாய்ந்த கையோடு வானத்தில் ஒரு காரியம் நடந்தது. வெகு தொலைவில் சூரியனைச் சுற்றும் ஒரு பாறை, காரில் போனால் ஒரு பொழுதுக்குள் கடந்துவிடக்கூடிய அகலம்தான், ஒரு நட்சத்திரத்தின் முன்னால் குறுக்கே போனது. பாறை மறைக்கிற நேரம் மட்டும் நட்சத்திரம் அணையும், பிறகு எரியும். இது எல்லோரும் எதிர்பார்த்தது. ஆனால் நட்சத்திரம் மறுபடி எரிந்து சற்று நேரம் கழித்து இன்னொரு முறை, ஒரு கண்சிமிட்டல் அளவுக்கு, மங்கியதைச் சுளுக்கு திரையில் பார்த்தாள். அது உண்மையானால் அந்தக் குட்டிப் பாறைக்கு ஒரு நிலா இருக்கிறது என்று அர்த்தம். அறையில் அப்போது வேறு யாரும் இல்லை. சொன்னபோது இயக்குநர் சிரித்தார். "ஏதாவது பறவை குறுக்கே போயிருக்கும்மா" என்றார்.

நிரூபிக்க வேண்டுமானால் கேமரா எடுத்த படங்கள் வேண்டும். அவை இருப்பது அந்த இயந்திரத்தின் டிஸ்க்குகளில். பல நாட்டு ஆய்வகங்களின் அறிக்கைகளை வாங்கும் ஒருங்கிணைப்பு மையம் இன்று மதியத்தோடு கடையைக் கட்டிவிடும். சுளுக்கின் சான்று போய்ச் சேர்ந்தால் உலகத்தின் பெரிய தொலைநோக்கி ஒன்றை அந்தப் பாறையை நோக்கித் திருப்புவார்கள். போகாவிட்டால் அந்த நேரம் வேறு யாருக்கோ போகும். பாறை சூரியனுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அடுத்து ஒரு நட்சத்திரத்தை இப்படி மறைக்க எத்தனை வருஷமோ. சுளுக்கு பாவம், நாலு வருஷமாக இந்தப் பாறையையே கட்டிக்கொண்டு அழுகிறாள். வீட்டில் பார்த்த மாப்பிள்ளைகளையெல்லாம் "பாறை வந்துட்டுப் போகட்டும்" என்று தள்ளிவைத்தவள்.

அண்ணி வாயைக் கொப்பளித்துவிட்டு, தலையைக்கூடச் சரியாக வாரிக்கொள்ளாமல் வண்டியை எடுத்தாள்.

இயந்திர அறையில் குளிர் ஆளைத் தூக்கியது. செத்த இயந்திரத்தின் வயிற்றைப் பிளந்துவைத்து, முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் திருப்புளி. இவர் இங்கே வன்பொருள் பழுது பார்ப்பவர். சட்டைப்பையில் பேனா இல்லாமல் வருவாரே தவிரத் திருப்புளி இல்லாமல் வரமாட்டார். அண்ணி இவரை "அண்ணே" என்பாள், இவர் அவளை "அண்ணி" என்பார். இந்த உறவுமுறையைக் கணக்குப் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றும், அதனால் யாரும் பார்ப்பதில்லை.

"பவர் சப்ளை கருகிடுச்சு. போர்டும் போயிடுச்சு. மோந்து பாருங்க" என்றார் திருப்புளி.

"அதை நீங்களே மோந்துக்குங்க. டிஸ்க்?"

"டிஸ்க் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. கழட்டி ஸ்பேர் மெஷின்ல மாட்டிட்டேன். மேல இருந்தது மேல, கீழ இருந்தது கீழ. இனிமே உங்க பாடு."

ஒரு மூலையில் சுளுக்கு சுவரோடு சாய்ந்து நின்றிருந்தாள். நேற்றுப் போட்ட அதே கசங்கிய உடை. "இருக்கும்ல அண்ணி?" என்றாள்.

"இருக்கும். நீ நகத்தைக் கடிக்காம இரு, அது போதும்."

சொல்லிவிட்டாளே தவிர அண்ணிக்கும் உள்ளே திக்திக்கென்றுதான் இருந்தது. ஆனால் அந்தத் திக்திக்கில் ஒரு குறுகுறுப்பும் கலந்திருந்தது. ஒழுங்காக ஓடும் இயந்திரத்தில் அவளுக்கு என்ன வேலை? கோளாறு வந்தால்தான் அவளுக்குக் கை பரபரக்கும். விசைப்பலகையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த இரண்டு டிஸ்க்கும் சேர்ந்து ஒரு வால்யூம் குரூப். இரண்டையும் ஒன்றாகக் கட்டி, இயந்திரத்திடம் இது ஒரே குடும்பம் என்று சொல்லிவைத்திருக்கிறது. ஒன்றில் எழுதுவதெல்லாம் மற்றதிலும் அப்படியே எழுதப்படும். ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும் என்ற ஏற்பாடு. அண்ணி முதலில் எல்லோரும் அடிக்கிற வழக்கமான கட்டளையை அடித்து, குரூப் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். இரண்டு டிஸ்க், இரண்டும் நலம் என்று பதில் வந்தது.

சுளுக்கு சந்தோஷத்தில் கைதட்டினாள்.

"கொஞ்சம் பொறு" என்றாள் அண்ணி. "இது டிஸ்க்கைப் பாத்துச் சொல்லல. போன வருஷம் மெஷின் செத்தா என்ன பண்றதுன்னு ஒத்திகைக்காக இதே டிஸ்க்கை இந்த ஸ்பேர் மெஷின்ல மாட்டினோம்ல, அந்த ஞாபகத்துல உளறுது. மறந்துடுன்னு அதுகிட்ட யாரும் சொல்லவேயில்ல."

குரூப்பைத் திறக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்ததும் அதன் சாயம் வெளுத்தது. முடியாது, டிஸ்க்குகளில் இருக்கும் விவரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. சுளுக்கின் முகம் வெளிறியது.

"சரி, கீழ இறங்கிடுவோம்" என்றாள் அண்ணி.

கீழே என்று அவள் சொன்னது படிக்கட்டை அல்ல. யூனிக்ஸில் மனிதர்கள் பயன்படுத்துவதற்கென்று மரியாதையான கட்டளைகள் இருக்கின்றன. அவற்றுக்கு அடியில், அந்தக் கட்டளைகளே தங்களுக்குள் கூப்பிட்டுக்கொள்ளும் முரட்டுக் கட்டளைகள் சில உண்டு. கையேட்டில் தேடினால் கிடைக்காது, கிடைத்தாலும் அரை வரி இருக்கும். அதில் ஒன்று எல்-க்வெரி-வி-ஜி. இது இயந்திரத்தின் ஞாபகத்தை மதிப்பதே இல்லை. நேராக டிஸ்க்கிடம் போய், அதன் தலைப்பக்கத்தில் குரூப்பைப் பற்றி எழுதியிருப்பதை அப்படியே வாரிக்கொண்டு வந்து கொட்டும்.

அண்ணி மேல் டிஸ்க்கை நோக்கி அதை ஏவினாள். மளமளவென்று வரிகள் விழுந்தன. ஒரு துண்டின் அளவு என்ன, எத்தனை துண்டு மிச்சம், குரூப்பின் அடையாள எண் எது, அங்கத்தினர் யார் யார் என்று எல்லாம். மேல் டிஸ்க் சொன்னது இதுதான்: நாங்கள் இருவர், இருவரும் நலம், ஒரு குறையும் இல்லை.

பிறகு கீழ் டிஸ்க்கைக் கேட்டாள். அதே அடையாள எண், அதே அளவு. ஆனால் அங்கத்தினர் வரியில் கதை மாறியது. நாங்கள் இருவர், நான் இருக்கிறேன், மேல் டிஸ்க்கைக் காணோம்.

"காணோமா?" என்றார் திருப்புளி. "பக்கத்துலயே குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கு, காணோம்ங்குது. கீழ் டிஸ்க்குக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு அண்ணி. கரண்டு அடிச்சதுல மூளை குழம்பியிருக்கும்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஒன்று எல்லாம் நலம் என்கிறது, ஒன்று புலம்புகிறது. புலம்புவதுதான் பழுது என்று யாருக்குத்தான் தோன்றாது? இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அத்தனை பேருக்கும் அதுதான் முதலில் தோன்றும். சுத்தமான பதில் வந்த டிஸ்க்கை வைத்துக்கொள், முனகுகிற டிஸ்க்கை ஒதுக்கு. அண்ணியே எத்தனையோ தடவை அப்படிச் செய்து, நன்றாகவும் முடிந்திருக்கிறது.

"கீழ் டிஸ்க்கை உருவிடுறேன்" என்றார் திருப்புளி. "மேல் டிஸ்க்கை மட்டும் வெச்சுக் கட்டாயமாத் திறங்க. திறந்ததும் கீழ் டிஸ்க்கைப் புதுசு மாதிரி சேர்த்து, மேல இருக்கிறதை அதுமேல எழுதிடலாம். சட்டுன்னு முடிஞ்சிடும்."

அந்த நேரம் பார்த்து இயக்குநர் எட்டிப் பார்த்தார். கடிகாரத்தையும் பார்த்தார். "மையத்துலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க. இருந்தா அனுப்புங்க, இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடலாம். இதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல."

"அண்ணி, சீக்கிரம்" என்றாள் சுளுக்கு.

அண்ணி கட்டாயமாகத் திறக்கும் கட்டளையை அடித்தாள். இனி ஒரு விசையைத் தட்டினால் போதும். விரலைக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

அவள் மனதில் வந்தது டிஸ்க் அல்ல, அவளுடைய மகன். அவன் சின்னவனாக இருந்தபோது கடைவீதியில் கையை விட்டுவிட்டுப் பலூன்காரன் பின்னால் போய்விட்டான். அண்ணி அலறியடித்துக்கொண்டு தெருத்தெருவாகத் தேடி, கடைசியில் கண்டுபிடித்தபோது பயல் ஜம்மென்று சிரித்துக்கொண்டு நின்றான். அம்மா பின்னாலேயே வருகிறாள் என்ற நினைப்பு. தொலைந்துபோனது அவன். ஆனால் தொலைந்தது தெரிந்தவள் அவள் மட்டும்தான்.

"அண்ணே" என்றாள் அண்ணி மெதுவாக. "ஒருத்தரைக் காணோம்னு எழுதி வைக்கணும்னா யார் எழுத முடியும்?"

"என்ன அண்ணி, இப்பப் போய் விடுகதை போடுறீங்க?"

"கூட இருந்தவர்தானே எழுத முடியும்? போனவருக்குப் போனது எப்படித் தெரியும்? மேல் டிஸ்க் என்னைக்கோ கழண்டு போயிருக்கு. கழண்ட நிமிஷத்தோட அதுமேல யாரும் எதுவும் எழுதல. அதனால அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் பழைய கதைதான், ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்னு. கீழ் டிஸ்க்தான் தனியாக் கிடந்து அத்தனையையும் சுமந்திருக்கு."

அண்ணி விரலை விசையிலிருந்து எடுத்தாள். தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். கட்டாயமாகத் திறந்த மறுகணமே மேல் டிஸ்க்கின் தலையில் இன்றைய நேரம் விழுந்திருக்கும். அதற்கப்புறம் இயந்திரத்தின் கண்ணுக்கு மேல் டிஸ்க்தான் புதுசு, கீழ் டிஸ்க் பழசு. பழைய கதையை எடுத்து நேற்றைய நட்சத்திரத்தின் மேல் பூசியிருக்கும், அதுவும் சிரத்தையாக.

"இதை இப்படி ஊகத்துல சொல்லக்கூடாது" என்றாள் தனக்கே சொல்வதுபோல. "கேட்டுடுவோம்."

அடித்த கட்டளையை அழித்தாள். எல்-க்வெரி-வி-ஜியை மறுபடி கூப்பிட்டு, இந்த முறை வேறெதுவும் வேண்டாம், உன் தலைப்பக்கத்து விவரம் கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்று மட்டும் சொல் என்று மேல் டிஸ்க்கைக் கேட்டாள். எண்ணும் எழுத்துமாக ஒரு நீளச் சரம் வந்தது. கீழ் டிஸ்க்கைக் கேட்டாள். இன்னொரு சரம். பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி, புரியாத கிறுக்கல். சுளுக்கு அவள் தோள்மேல் கவிழ்ந்துகொண்டு நின்றாள். அவள் மூச்சு அண்ணியின் காதில் சூடாகப் பட்டது.

அண்ணி முதல் சரத்தைத் தேதியாக மாற்றினாள். போன மழைக்காலம்.

இரண்டாவதை மாற்றினாள். போன வாரம்.

"போன வாரம் நான்தான் பழைய மெஷினை அணைச்சுப் போட்டேன்" என்றாள் அண்ணி. இப்போது அவளுக்கே குரல் உயர்ந்துவிட்டது. "போடும்போது கீழ் டிஸ்க் மட்டும் எழுந்திருச்சிருக்கு, தலைப்பக்கத்துல நேரத்தைக் குறிச்சிருக்கு. அப்புறம் வந்த படமெல்லாம் இதுலதான். மேல் டிஸ்க் மழைக்காலத்துலயே போய்ச் சேர்ந்தாச்சு. நேத்து எழுதினது எதுவும் அதுகிட்ட கிடையாது."

"மழைக்காலமா?" திருப்புளி தலையைச் சொறிந்தார். "அப்பத்தான் நான் உள்ள தூசி தட்டினேன். ஒரு கேபிள் லேசாக் கழண்டுச்சு. உடனே அழுத்தி மாட்டிட்டேனே அண்ணி, பச்சை விளக்குகூட எரிஞ்சுதே."

"விளக்கு எரியும். ஆனா திரும்பிச் சேர்த்துக்கோன்னு சொன்னாத்தான் குரூப் சேர்த்துக்கும். உங்களை அப்புறம் கவனிச்சுக்கிறேன். இப்ப அந்த மேல் டிஸ்க்கை உருவி என் கையில குடுங்க. அது இந்த மெஷின் பக்கமே வரக்கூடாது."

திருப்புளி குழந்தையைத் தூக்கித் தருவதுபோல இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். அண்ணி அதை மடியில் போட்டுக்கொண்டு, கீழ் டிஸ்க்கிலிருந்த விவரத்தைப் புதிதாகப் படித்துக்கொள்ளும்படி இயந்திரத்துக்குச் சொன்னாள். பழைய ஞாபகத்தை ஒட்டுமொத்தமாக மறக்கச் சொன்னாள். பிறகு கீழ் டிஸ்க்கை மட்டும் வைத்துத் திறக்கச் சொன்னாள், அதுவும் படிக்க மட்டும், ஒரு எழுத்துக்கூட எழுதக்கூடாது என்ற கண்டிப்போடு.

இயந்திரம் யோசித்தது. பாழாய்ப்போன இயந்திரம் எவ்வளவு நேரம்தான் யோசிக்கும்? இயக்குநர்கூடக் கடிகாரத்தைப் பார்க்க மறந்தார்.

திறந்தது.

கோப்புறையைப் பட்டியல் போட்டாள். கடைசி வரியில் நேற்றைய தேதி இருந்தது. சுளுக்கு "இருக்கு" என்றாள். "இருக்கு, இருக்கு, அண்ணி, இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அண்ணியின் நாற்காலியைப் பிடித்து உலுக்கினாள். மடியிலிருந்த மேல் டிஸ்க் விழப் பார்த்தது.

பக்கத்திலிருந்த திரையில் சுளுக்கு வரைபடத்தைப் போட ஆரம்பித்தாள். நட்சத்திரத்தின் வெளிச்சம் ஒரு கோடாக ஓடும், மங்கினால் கோடு கீழே இறங்கும். அவளுக்கு எந்த இடம் வேண்டுமென்று தெரியும். நேராகப் பாறை மறைத்த கட்டத்துக்கே போனாள். கோடு பள்ளத்தில் விழுந்து, கிடந்து, ஏறியது. ஏறிச் சமமாக ஓடியது. ஓடி, ஓடி, ஓரிடத்தில் ஊசி குத்தியதுபோல ஒரு குழி.

"பறவை" என்று சுளுக்கு இயக்குநரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"ஒண்ணு மட்டும் இருந்தா இன்னும் அது பறவையாத்தான் இருக்கலாம்" என்றார். ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை.

"அதை அப்புறம் சண்டை போட்டுக்குங்க" என்றாள் அண்ணி. "ஏய், முதல்லேர்ந்து போடு. முழுக்க."

"எதுக்கு அண்ணி? வேணுங்கிறது இதுல இருக்கே."

"உனக்கு நட்சத்திரம் வேணும், எனக்கு டிஸ்க் வேணும். ஒத்தையா ஓடிக்கிட்டிருந்த டிஸ்க் இது. முதல் படத்துலேர்ந்து கடைசிப் படம் வரைக்கும் ஓட்டை உடைசல் இல்லாமப் படிக்குதான்னு பாக்காம நான் விடமாட்டேன். எங்க வேலையில அப்படித்தான்."

சுளுக்கு உதட்டைச் சுழித்துக்கொண்டே முழுவதையும் போட்டாள். கோடு இடது ஓரத்தில் தொடங்கிச் சமமாக ஓடியது. அண்ணி கோட்டைப் பார்க்கவில்லை, நடுவில் எங்காவது அறுந்திருக்கிறதா என்றுதான் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை. ஆனால் பெரிய பள்ளத்துக்கு முன்னால் ஓரிடத்தில் ஒரு சிறிய குழி இருந்தது.

"இதோ பார், இங்க ஒரு படம் கெட்டுப்போயிருக்கு" என்றாள் அண்ணி.

சுளுக்கு பார்த்தாள். அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். எதுவும் கெடவில்லை. பக்கத்து நட்சத்திரங்கள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. அந்த ஒன்று மட்டும் மங்கியிருந்தது.

"நான் அப்ப அறையில இல்ல" என்றாள் சுளுக்கு. "வெளியில எவனோ கார் விளக்கை எரியவிட்டுட்டு நின்னான். அணைக்கச் சொல்லக் கீழ ஓடினேன். இதை நான் பாக்கவேயில்ல."

இயக்குநர் இரண்டே எட்டில் திரைக்கு வந்தார். பையிலிருந்து பேனாவை எடுத்து, முதல் குழிக்கும் பள்ளத்தின் நடுவுக்கும் இடையில் திரைமேல் வைத்து, நகத்தால் அளவைப் பிடித்துக்கொண்டார். அதே பேனாவை அப்படியே மறுபக்கம் திருப்பி வைத்தார். பேனாவின் முனை இரண்டாவது குழியின் மேல் வந்து நின்றது. அவர் எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் அங்கேயே நின்றது.

"நிலான்னா ஒரு பக்கம்தான் இருக்கும்" என்றார் இயக்குநர். வார்த்தை தந்தியடித்தது. "ரெண்டு பக்கமும் சம தூரத்துல இருந்தா..."

"சுத்தி இருக்கு" என்றாள் சுளுக்கு. "நிலா இல்ல அண்ணி. வளையம். அந்தத் துக்கடாப் பாறைக்கு வளையம் இருக்கு."

இயக்குநர் மையத்துக்குப் போன் போட்டு, மணி அடிக்கும்போதே அதைச் சுளுக்கின் கையில் திணித்தார். "நீ பாத்தது. நீயே சொல்லு."

அவள் சொன்னாள். சொல்லத் தெரியாமல் சொன்னாள். நடுவில் பெரியது, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, சம தூரம். மறுமுனையில் ஒரு பெண்குரல் பதில் சொன்னது. "எதையும் தொடாதீங்க. படங்களை அனுப்புங்க. தொலைநோக்கியை இன்னைக்கே திருப்பச் சொல்றேன்."

சுளுக்கு போனைக் கீழே வைத்துவிட்டு அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொள்ளப் பாய்ந்தாள். அண்ணி ஒரு கையால் அவளைத் தள்ளி நிறுத்தினாள்.

"இந்த வளையம் இப்ப உலகத்துல ஒரே ஒரு டிஸ்க்குலதான் இருக்கு. முதல்ல இன்னொரு இடத்துல நகல் எடுக்கிறேன். அதுக்கப்புறம் எவ்வளவு வேணாலும் அழு."

அதட்டலாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு நகல் எடுக்கும் கட்டளையை அடிக்கத் தொடங்கினாள். எத்தனை வருஷமாக அடிக்கிற கட்டளை, கண்ணை மூடிக்கொண்டே அடிப்பாள். இன்று திரை கலங்கலாகத் தெரிந்ததில் தப்புத் தப்பாக வந்தது. அழித்து அழித்து அடித்தாள். கடைசியில் சுளுக்கு எழுத்தெழுத்தாகப் படித்துச் சொல்ல, ஒரு வழியாக அடித்து முடித்தாள்.